பேன் மருந்தா, பேன் சீப்பா: சிறு குழந்தைகளின் தலைக்கு எது ஏற்றது?

சிறு குழந்தையின் தலையில் பேன் இருப்பது தெரிந்ததும் பெற்றோர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பேனின் நரம்பைத் தாக்கும் பெர்மெத்ரின் போன்ற மருந்து முதலாவது, பேனைப் போர்த்தி அடக்கும் டைமெதிகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெய் இரண்டாவது, கண்டிஷனர் தடவிய ஈரத்தலையை நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி எடுப்பது மூன்றாவது. என் இரு குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூன்றாவது வழியையே தேர்ந்தேன் என்பதால், இந்த ஒப்பீடு சீப்பின் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும். மொட்டை அடித்துவிடுவதும் ஒரு வழிதான். அது பலிக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் இரண்டு வாரப் பொறுமையால் தீரும் ஒன்றுக்காகக் குழந்தையின் தலைமுடி முழுவதையும் இழக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேன் பறப்பதில்லை, குதிப்பதுமில்லை. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து மாறுகிறது. அழுக்குத் தலையில்தான் வரும் என்பது உண்மையன்று. தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதாக அறியப்படவில்லை. அரிப்பு அதன் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமை, முதன்முறை பேன் பற்றும்போது அது தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகக்கூடும். ஆகவே குழந்தை சொறியத் தொடங்கிய நாளில், முந்தைய தலைமுறை முட்டையிட்டு முடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது பேனைக் கொல்லும் வேகமன்று, ஈர்களை அவை கையாளும் விதமே. பெண் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து வரை முட்டையிட்டு, ஒவ்வொன்றையும் தலைத்தோலுக்கு மிக அருகில் முடியோடு பசைபோட்டு ஒட்டிவிடுகிறது. முட்டை பொரிய ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரித்த குஞ்சு தானே முட்டையிடும் பருவத்தை அடைய மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் வெற்றி இந்த இரண்டு கணக்குகளுக்குள் அடங்கிவிடுகிறது. இன்று தலையில் ஊரும் அத்தனை பேன்களையும் ஒழித்தாலும், ஒட்டியிருக்கும் ஈர்கள் அடுத்த பத்து நாட்களில் ஒவ்வொன்றாகப் பொரியும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறது. ஊரும் பேன்களை அது கொல்லும்; ஈர்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் ஏறத்தாழ ஒன்பதாம் நாளில் இரண்டாம் முறை தடவியாக வேண்டும். முதல் முறைக்குப் பின் தலை அமைதியாகிவிடுவதால் இந்த இரண்டாம் முறை பல வீடுகளில் தள்ளிப்போய்விடுகிறது. மேலும், பல நாடுகளில் பேன்களின் நரம்பணுக்களில் ஏற்பட்டுள்ள மரபு மாற்றம் இந்த மருந்தின் பிடியைத் தளர்த்திவிட்டது. பத்து நிமிடத்தில் அலசிவிடலாம் என்பதும், இரண்டு மாதக் குழந்தை முதல் பயன்படுத்தலாம் என்பதும் இதன் நிறைகள். குழந்தையை நெடுநேரம் உட்கார வைக்க முடியாத வீட்டில் அவை சிறிய நிறைகளல்ல. பேனுக்கான மற்ற மருந்துகளில், மாலத்தியான் லோஷன் எரியும் தன்மையுள்ளது, சிறு குழந்தைகளுக்கு உரியதும் அன்று. லிண்டேன் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். மண்ணெண்ணெயும் செல்லப்பிராணிகளுக்கான மருந்தும் குழந்தையின் தலைக்கு அருகே வரவே கூடாது.

டைமெதிகோன் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பேனின் மூச்சுத்துளைகளை அடைத்து, குடித்த இரத்தத்தில் மிகுந்த நீரை வெளியேற்றவிடாமல் செய்து கொல்கிறது. நரம்பைத் தாக்காததால் பெர்மெத்ரினுக்கு அசையாத பேன்களும் இதற்குத் தப்புவது கடினம். எனினும் ஒரு வாரம் கழித்து மறுமுறை தடவுவது இங்கும் வழக்கம். தலையில் எண்ணெய் இருக்கும் வரை அடுப்பு, மெழுகுவத்தி போன்றவற்றின் அருகே குழந்தையை விடக்கூடாது. சீப்புக்குப் பொறுமையில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் என் வீட்டில் இதை ஒரே ஒரு குழந்தைக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், அதற்கு மேல் உறுதியாகப் பேச எனக்குத் தகுதியில்லை.

இனி சீப்பு. ஈரமும் கண்டிஷனரும் பேனைக் கொல்வதில்லை. தண்ணீரில் மணிக்கணக்கில் மூழ்கியிருந்தும் அது பிழைத்துவிடும். ஆனால் தலை முழுதும் கண்டிஷனர் பூசியிருக்கும்போது அது ஓட முடியாமல் சிறிது நேரம் அசைவற்றுக் கிடக்கிறது, அந்த நேரத்தில் சீப்பு அதை வாரிக்கொள்கிறது. சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கெடுத்து, முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் படுமாறு வைத்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்க்க வேண்டும். பிடரியிலும் காதுமடலுக்குப் பின்னும் அதிகக் கவனம் தேவை. மென்மையான பிளாஸ்டிக் பற்கள் வளைந்து பேனைத் தப்பவிடும் என்பதால், பல் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மிகாத உறுதியான சீப்பே வேண்டும்.

இந்த முறையில் ஈர்களைப் பிடுங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என்னை இதன் பக்கம் திருப்பியது. முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று வாரினால், இடையில் பொரித்த குஞ்சு எதுவும் முட்டையிடும் வயதை எட்டுமுன் சீப்பில் வந்துவிடுகிறது. பதினேழாம் நாள் ஒருமுறை சோதித்து, ஊரும் பேன் ஒன்றும் இல்லையென்றால் வேலை முடிந்தது. முடியில் எஞ்சிய ஈர்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தலைத்தோலிலிருந்து அதற்கு மேல் தள்ளியிருப்பவை பெரும்பாலும் பொரித்துப்போன வெற்றுக் கூடுகளே. மருந்துக்கும் இதற்கும் உள்ள இன்னொரு வேறுபாடு, ஒவ்வொரு முறையும் தாளில் விழுந்த பேன்களைக் கொண்டு நிலைமையைக் கண்ணால் அறிய முடிவது. மருந்து தடவியவர் அரிப்பு நின்றதா என்று பார்த்துக்கொண்டிருப்பார், அதுவோ பேன் செத்த பின்னும் சில நாள் நீடிக்கக்கூடியது.

ஆய்வுகள் இதில் ஒருமனதாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஒன்றில் மாலத்தியான் 78 சதவீதக் குழந்தைகளிடம் பலித்தது, ஈரவாரல் 38 சதவீதக் குழந்தைகளிடம் மட்டுமே பலித்தது. அங்கேயே 2005இல் வெளியான மற்றொன்றில் சீப்பு 57 சதவீதம், மருந்துகள் 13 சதவீதம். இரண்டும் சிறிய ஆய்வுகள். அந்தந்த இடத்துப் பேன்கள் மருந்துக்கு எவ்வளவு பழகியிருக்கின்றன, வாருபவர் நாள் தவறாமல் வாரினாரா என்பவையே விடையை மாற்றுகின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். நாள் தவறவிடுவோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் சீப்பைத் தேர்வதில் பொருளில்லை. மிக நெருங்கிய சுருள்முடியில் இந்தச் சீப்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதிலும் எனக்கு அனுபவமில்லை. அத்தகைய தலைக்கு டைமெதிகோனே எளிதாக இருக்கலாம்.

கண்டிஷனர் தடவி வாருவதையும் பெர்மெத்ரினையும் ஒரே நாளில் கலப்பது கூடாது. கண்டிஷனர் முடியைப் பூசிவிடுவதால் பெர்மெத்ரின் ஒட்டாமல் வழுக்கிப்போகும். மருந்து தடவும் நாளில் கண்டிஷனரைத் தள்ளிவைத்து, அதன்பின் ஓரிரு நாள் தலையை அலசாமல் விட வேண்டும். முறையாக இருமுறை தடவியும் உயிருள்ள பேன் தென்பட்டால், அதே மருந்தை மூன்றாம் முறை பூசாமல் ஐவர்மெக்டின் போன்ற வேறு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

தடுப்பு என்ற பெயரில் பேன் மருந்தை முன்கூட்டியே தடவுவதில் பயனில்லை. பேன்கள் அதற்குப் பழகவே அது உதவும். தலையைவிட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்கு மேல் வாழாததால், வீடு முழுவதையும் கழுவித் தள்ளுவதும் வீண் உழைப்பு. முந்தைய இரண்டு நாட்களில் குழந்தை பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பி ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்து, சீப்புகளைச் சுடுநீரில் ஊறவைத்தால் போதும். நீண்ட முடியைப் பின்னிக் கட்டுவது ஓரளவு உதவும். குழந்தைகள் தலையோடு தலை வைத்து விளையாடுவதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை தலைகுளிக்கும்போது அதே சீப்பால் ஒருமுறை வாரிப் பார்த்தால், பேன் பெருகுமுன்பே தெரிந்துவிடும். ஒரு தலையில் கண்ட அன்றே உடன்பிறந்தோர், பெரியவர்கள் என வீட்டிலுள்ள எல்லோர் தலையையும் பார்த்து, பேன் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரே நாளில் வாரத் தொடங்க வேண்டும்.