ஃபீட் பம்ப்: கிட் போடலாமா, புதுசே மாட்டலாமா?

சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது பழைய டீசல் பிக்கப் இழுக்காமல் திணறுகிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் லோடு அடிக்கிறவர்கள் குழம்புவது இதில்தான்: டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளுகிற ஃபீட் பம்ப் தளர்ந்துவிட்டால், அதற்கு ரிப்பேர் கிட் (உள்ளே மாற்றுகிற டயாபிரம் போன்ற உதிரிகள்) போதுமா, புதுசே வாங்கிவிடலாமா?

பணம் எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு, ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் (டீசலை அழுத்தத்தோடு இன்ஜினுக்குள் அனுப்புவது) நடுவே உள்ளே தெரிகிற டியூப் ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழ் குமிழாக வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து வரும் ஓஸ், கிளிப், வாஷர் எல்லாம் பாருங்கள். பம்ப்பைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடலாம்.

செலவு: கிட் மலிவு. புதுசு அதைவிடப் பல மடங்கு.
வேலை: கிட்டுக்குக் கைப்பழக்கம் வேண்டும், டயாபிரம் (பம்ப்புக்குள் அசைந்து டீசலை இழுக்கும் மெல்லிய தகடு) மடிந்து உட்கார்ந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். புதுசு என்றால் கேஸ்கட் வைத்து மாட்டி, ஏர் எடுத்தால் (லைனில் நிற்கும் காற்றை வெளியேற்றினால்) சரி.
ஆயுள்: பம்ப்பை இயக்குகிற லீவர் தேயாதவரை கிட் நன்றாக உழைக்கும். தேய்ந்திருந்தால் வீண்.

அப்புறம், ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் டயாபிரம் கிழிந்து டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

பாலக்கோடு, பென்னாகரம் என்று பக்கத்திலேயே ஓடுகிற வண்டிக்குக் கிட் போதும். ராத்திரியில் லோடோடு கணவாய் ஏறுகிற வண்டிக்குப் புதுசுதான் மாட்டச் சொல்வேன். பழையதைக் கிட் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.