கோவையில் ஐந்து சனிக்கிழமைகள்: சீனாவும் கொரியத் தீபகற்பமும் பற்றிய மாலை வகுப்பு

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிக் கூடத்தில், சீனாவின் வெளியுறவுக் கொள்கையையும் கொரியத் தீபகற்பத்தில் வல்லரசுகள் நடத்தும் போட்டியையும் விளக்கும் ஐந்து வார வகுப்பு அண்மையில் நடந்து முடிந்தது. கட்டணம் 1,500 ரூபாய். பாடக்குறிப்பும் தேநீரும் அதில் அடக்கம். நான் திருப்பூரில் பின்னலாடை இயந்திர உதிரிப்பாகங்களை வாங்கி விற்பவன். சரக்கில் ஒரு பகுதி சீனாவிலிருந்தும் ஒரு பகுதி தென்கொரியாவிலிருந்தும் வருவதால், அங்கே ஏவுகணை பறந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் கவலைக்கு ஏதாவது அடிப்படை உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் பணம் கட்டினேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். முதல் வகுப்பில் அவர் ஆண்டுக்கணக்கு எதையும் தொடவில்லை. சுவர் அளவுக்கு ஒரு துணி வரைபடத்தை மாட்டி, யாலு ஆற்றின் கழிமுகத்தில் குச்சியை வைத்து, பெக்து மலையைத் தாண்டி, தூமன் ஆறு வரைக்கும் நிதானமாக இழுத்துக்கொண்டு போனார். சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் இடையிலான அந்த எல்லையின் நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர். அதன் கிழக்குக் கோடியில் சீனாவின் நிலம் கடலைத் தொடாமல் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளேயே நின்றுவிட, அங்கிருந்து கடல் வரைக்கும் ரஷ்யாவும் வடகொரியாவும் மட்டுமே எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எல்லை 17 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய காந்திபுரத்திலிருந்து சூலூர் போகும் தூரம். பிறகு தாந்தோங் நகரத்துப் பாலத்தின் படத்தைக் காட்டினார். 1950 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் கொரியப் பக்கத்துக் கண்கள் விழுந்துபோக, சீனப் பக்கத்துப் பாதி மட்டும் ஆற்றின் நடுவே துண்டாக நிற்கிறது. அதை ஒட்டியே இன்னொரு பாலத்தில் லாரிகளும் ரயிலும் போகின்றன. வடகொரியாவின் வெளிவணிகத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சீனாவோடுதான் நடக்கிறது என்பதையும், அதில் பெரும்பங்கு இந்த ஒற்றைப் பாலத்தைக் கடந்தாக வேண்டும் என்பதையும் அந்தப் படத்தின் முன்னால் கேட்டபோது, புள்ளிவிவரமாகக் கேட்டதைவிட நன்றாக மனத்தில் பதிந்தது.

இரண்டாவது வகுப்புதான் இந்தத் தொடரிலேயே சிறந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1950 அக்டோபர் தொடக்கத்தில், பீஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சௌ என்லாய் நள்ளிரவில் வரவழைத்து, இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது இணைகோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும் என்று சொல்லி அனுப்பியதையும், அந்தச் செய்தியை வாஷிங்டன் வெறும் மிரட்டல் என்று ஒதுக்கியதையும், அக்டோபர் 19 அன்று பெங் தெஹுவாய் தலைமையில் சீனப் படை யாலுவைக் கடக்கத் தொடங்கியதையும் அவர் அவசரப்படாமல் விரித்துச் சொன்னார். உதடு போனால் பல்லுக்குக் குளிரும் என்ற பழைய சீனச் சொல்வழக்கு அந்த நாட்களில் எதற்காக மீண்டும் எடுக்கப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் புதிய ஆட்சி வந்திருந்த, உள்நாட்டுப் போரில் களைத்துப்போன ஒரு நாடு, தன் தொழிற்சாலைகள் நிறைந்த வடகிழக்கின் வாசலில் அமெரிக்கப் படை வந்து நிற்பதைவிடச் சண்டையே மேல் என்று முடிவெடுத்தது. அதே போரில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஏ.ஜி. ரங்கராஜ் பற்றியும் போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் ஆணையத்துக்குத் தலைவராக இருந்த ஜெனரல் திம்மையா பற்றியும் சொன்னபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தேர்வு மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது வாரம், பீஜிங் சொன்னால் வடகொரியத் தலைநகர் பியோங்யாங் கேட்கும் என்ற பொதுவான நம்பிக்கையை அவர் உடைத்தார். 1956இல் அந்நாட்டுத் தலைவர் கிம் இல் சுங், தமக்கு எதிராகக் கிளம்பிய சீன, சோவியத் சார்புத் தலைவர்களைக் களையெடுத்தார். 1958க்குள் சீனப் படை முழுவதும் வெளியேறியது. 1961 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் மாஸ்கோவோடு ஒன்றும் பீஜிங்கோடு ஒன்றுமாக இரண்டு பாதுகாப்பு ஒப்பந்தங்களை அவர் வாங்கிக்கொண்டார். பீஜிங்கோடு செய்த ஒப்பந்தம் கடைசியாக 2021இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. போர் வேண்டாம், குழப்பம் வேண்டாம், அணு ஆயுதம் வேண்டாம் என்று சீனாவின் கொரியக் கொள்கையைச் சுருக்கிச் சொல்வார்கள் என்றும், அதில் அணு ஆயுதம் கடைசியில் வருவதை மறக்கக் கூடாது என்றும் அவர் சொல்லி முடித்தார். உடனே பல்லடம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, “ஏனுங்க சார், பக்கத்துத் தோட்டத்துக்காரன் நம்ம பேச்சக் கேக்கலீன்னாலும், அந்தத் தோட்டம் நமக்காகாதவன் கைக்குப் போயிறக் கூடாதுன்னு கெணத்துத் தண்ணி உடறதுதானுங்க இது?” என்று கேட்டார். பேராசிரியர் சிரித்துவிட்டு, “அதேதானுங்கய்யா. இன்னொரு பக்கத்துக் கெணத்துக்காரரும் தண்ணி உட்டுட்டு இருந்தாருங்க, அதயுஞ் சேத்துக்குங்க” என்றார். குறிப்பேட்டில் நான் எழுதியதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரிகளுக்குள் வந்துவிட்டது.

நான்காவது வகுப்பு தென்கொரியா பற்றியது. வியாபாரிகள் தவறவிடக் கூடாதது. 1992 ஆகஸ்டில் தூதரக உறவு ஏற்பட்ட பிறகு இரு நாடுகளின் வணிகம் பெருகியதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, 2016 ஜூலையில் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவப்போவதாக சியோலும் வாஷிங்டனும் அறிவித்ததிலிருந்து நடந்தவற்றை விரிவாக எடுத்துக்கொண்டார். அதன் ரேடார் தன் நிலப்பரப்புக்குள் எட்டிப் பார்க்கும் என்பது சீனாவின் புகார். இடம் கொடுத்தது தென்கொரியாவின் லோத்தே நிறுவனம், தன் கோல்ஃப் மைதானத்தை. சீனாவில் அந்த நிறுவனத்தின் பல்பொருள் கடைகளில் பெரும்பாலானவை தீயணைப்பு விதிமீறல் என்ற பெயரில் இழுத்து மூடப்பட்டன. சுற்றுலாக் குழுக்கள் நிறுத்தப்பட்டன. கடைசியில் லோத்தே அந்தத் தொழிலையே விட்டு வெளியேறியது. தடை என்று எந்த அரசாணையும் வெளிப்படையாக வரவில்லை. ஆய்வாளர் வந்து கதவுக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பது தொழில் நடத்துகிற எவருக்கும் தெரியும் என்பதால், வணிகர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் அன்று பேச்சே இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பாடக்குறிப்பில், 1953 ஜூலை 27 அன்று இரு கொரியாக்களும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாக அச்சாகியிருக்கிறது. கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே, ஐ.நா. படைத் தலைமையும் வடகொரிய, சீனப் படைத் தலைமைகளும் அதில் கையெழுத்திட்டன, தென்கொரியா கையெழுத்திடவில்லை. இந்த ஒரு வரி தவறானால், சீனா ஏன் இன்றும் அமைதிப் பேச்சு மேசையில் தனக்கு நாற்காலி கேட்கிறது என்பதே விளங்காது. தேர்வு எழுதும் பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஐந்தாவது வகுப்பு. அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, வடகொரியாவின் அணு ஆயுதம் பற்றிய 2003இன் ஆறு தரப்புப் பேச்சுவார்த்தை, அந்நாட்டின் 2006இன் முதல் அணு வெடிப்புச் சோதனை, 2017இன் ஆறாவது சோதனை, எண்ணெய் இறக்குமதிக்கு வரம்பு விதித்த ஐ.நா. தீர்மானங்கள் என்று எல்லாவற்றையும் திரையில் ஓடவிட்டார்கள். 2017இல் அந்தத் தீர்மானங்களுக்குச் சீனா ஆதரவாக வாக்களித்ததை வைத்து, அது அமெரிக்காவின் பக்கம் நகர்ந்துவிட்டது என்பதுபோல் பேராசிரியர் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 மே மாதத்தில் புதிய தடைத் தீர்மானத்தை ரஷ்யாவோடு சேர்ந்து சீனாவும் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியதற்கு அவர் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. 2024 ஜூனில் ரஷ்யாவும் வடகொரியாவும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம், அதே ஆண்டில் வடகொரியப் படை ரஷ்யாவுக்காகப் போரிடப் போனது, 2025 செப்டம்பர் 3 அன்று பீஜிங் அணிவகுப்பில் ஷி ஜின்பிங்கோடு புதினும் கிம் ஜோங் உன்னும் நின்றது எல்லாம் ஒரே ஒரு படவில்லையில் அடங்கிவிட்டன. மூன்றாவது வாரம் அவரே சொன்ன அந்த இன்னொரு கிணற்றுக்காரர் திரும்பி வந்திருக்கும் நேரம் இது. அதைப் பேசாமல் விட்டதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது. இரண்டாவது வாரத்தின் தேநீர் இடைவேளை மட்டும் முக்கால் மணி நேரம் நீண்டது.

முதல் நான்கு வகுப்புகளுக்கு மட்டும் 1,500 ரூபாய் தகும். வரைபடத்தின் எழுத்து சிறியது என்பதால் முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது; கூடத்தின் பின்பக்கம் மின்விசிறியும் சரியாக ஓடவில்லை. ஏழரைக்கு முடியும் என்ற அறிவிப்பை நம்பாமல், திருப்பூர், பொள்ளாச்சி பக்கத்திலிருந்து வருபவர்கள் எட்டரை மணிக்கு மேல் பேருந்து ஏறுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். போர்நிறுத்தம் பற்றிய அந்த வரியைப் பொறுப்பாளரிடம் காட்டியபோது அவர் மறுப்புச் சொல்லாமல் தன் பிரதியில் பேனாவால் திருத்திக்கொண்டார். அடுத்த பிரிவுக்குக் கொடுக்கும் குறிப்பில் அது திருத்தி அச்சாகியிருக்கிறதா என்று சேர்பவர்கள் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.