ஊரோடு வந்து தங்க ஓசிஐ கார்டா, என்ட்ரி விசாவா?

அப்பா அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் திரும்பி வருகிறவர்கள் முதலில் கேட்பது: "ஏனுங்க, என்ட்ரி விசாவே போதுங்களா, ஓசிஐ எடுத்தே ஆகணுங்களா?"

தகுதி இருந்தால் ஓசிஐதான், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' அட்டை. அதையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் விசா, இந்திய வம்சாவளியினருக்கு 5 ஆண்டு வரை கிடைக்கும். 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். 2018-லிருந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் நம் ஊரில் சிக்கல் முகவரிச் சான்றில் வருகிறது. வீடு அப்பா பேரில் இருக்கும், கரண்ட் பில் இன்னும் தாத்தா பேரில் வந்துகொண்டிருக்கும். பிறந்து வளர்ந்த வீட்டில் தங்குவதற்கே காகிதம் தேடி அலைவது மனதை நோகடிக்கும். அதைவிடப் பெரிய குறை, இந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கக்கூட வழியில்லை.

ஓசிஐ ஆயுளுக்கும் செல்லும். எத்தனை வருஷம் தங்கினாலும் பதிவு வேண்டாம், வேலை பார்க்கலாம். பத்திரிகைத் தொழில், ஆராய்ச்சி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். 20 வயதுக்குள் கார்டு வாங்கிய பிள்ளைகள், அந்த வயதுக்குப் பிறகு புது பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை கார்டையும் மாற்ற வேண்டும்.

விண்ணப்பத்தில் கவனம் வைக்க வேண்டிய இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல், பழைய இந்திய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, அமெரிக்க ஆவணத்தில் அதுவே குடும்பப் பெயராக, தோட்டத்துப் பத்திரத்திலோ 'கவுண்டர்' என்ற ஒட்டோடு. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றும் தயாராக இருக்கட்டும். டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்கிவிட்டு, இங்கிருந்தே ஓசிஐக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால்தான் முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறேன்.

எக்ஸ் விசாதான் வழி என்பது ஒரு சூழ்நிலையில் உண்டு: கணவனோ மனைவியோ அந்நிய வம்சாவளியாக இருந்து, கல்யாணம் புதிதாக இருந்தால். பதிவு செய்த திருமணம் தொடர்ந்து 2 ஆண்டு நிலைத்திருந்த பிறகே அவருக்கு ஓசிஐ. அதுவரை விசா, பதிவு, நீட்டிப்பு என்றுதான் போக வேண்டும். விவாகரத்தானால் அந்தக் கார்டும் நிலைக்காது என்பதையும் இருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம், நம் ஆட்கள் கட்டாயம் கேட்கும் தோப்பு விஷயம். ஓசிஐ இருந்தால் கோயம்புத்தூரில் வீடோ ஃப்ளாட்டோ வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது தோப்பைத் தானமாக எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பத்திர ஆபீசுக்குப் போகும் முன்பே ஒரு நல்ல வக்கீலிடம் இதைப் பேசிவிடுங்கள்.

ஓட்டும் போட வேண்டும், தோட்டமும் வாங்க வேண்டும் என்றால் வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமைக்கே திரும்ப வேண்டியதுதான். ஓசிஐ பதிந்து 5 ஆண்டு ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கேயே குடியிருந்தவர்கள் கேட்கலாம். அந்த 5 ஆண்டுக் கணக்கு எக்ஸ் விசாவில் எத்தனை காலம் இருந்தாலும் தொடங்காது, கார்டு பதிவான நாளிலிருந்துதான் ஓடும்.