14 அடியா, 18 அடியா: சிம்கோ ஏரியில் இரு படகுகளோடு பத்துக் கோடைகள்

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில் முதல் ஆறு கோடைகளை 14 அடி அலுமினியப் படகோடும், 2022 முதல் நான்கு கோடைகளை 18 அடி ஃபைபர் படகோடும் கழித்திருக்கிறேன். முன்னதில் கைப்பிடியால் திருப்பும் 20 குதிரைத்திறன் மோட்டார். பின்னதில் ஸ்டியரிங்கோடு 115 குதிரைத்திறன். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், படகை இறக்க உங்களோடு வரப்போவது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சிறியதைத் தனியாளாகவே தண்ணீரில் இறக்கிவிடலாம். ட்ரெய்லரோடு சேர்த்தும் 400 கிலோவைத் தாண்டாததால் வீட்டுக் காரே அதை இழுத்தது. வேலை முடிந்த மாலையிலும் இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டுவிட்டு வர முடிந்தது. பெரியதோ எல்லாமாக 1,300 கிலோ. அதற்காகவே காரை மாற்றினேன். காற்றடிக்கும் நாளில் கயிற்றைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்பதால், மனைவிக்கு வேலையிருந்த வார இறுதிகளில் படகு வீட்டு வாசலிலேயே நின்றது. முழு வேகத்தில் சிறியது மணிக்கு ஏழெட்டு லிட்டர் பெற்றோல் குடிக்கும். பெரியது 40 லிட்டரை நெருங்கும்.

பிறகு ஏன் மாறினேன்? தெற்கிலுள்ள குக்ஸ் குடா ஒதுக்கமானது. அங்கே 14 அடி தாராளம். ஆனால் 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த இந்த ஏரியின் நடுப்பரப்பில் வடமேல் காற்று எழும்பினால், அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிச் செங்குத்தாக வரும். ஓர் ஆகஸ்ட் பிற்பகலில் ஜோர்ஜினா தீவுப் பக்கமிருந்து திரும்பியபோது, படகின் முன்முனையான அணியத்தைத் தாண்டி விழுந்த தண்ணீரை மகள் ஐஸ்கிரீம் டப்பாவால் கரை சேரும்வரை இறைத்துக்கொண்டே வந்தாள். அன்றிரவே மனைவி, "இனிமேல் இதில் பிள்ளையை ஏற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதே மாதிரிக் காற்றில் 18 அடிப் படகு நான்கு பேரைச் சாரலில் நனைத்ததே தவிர, உள்ளே தண்ணீர் எடுக்கவில்லை.

அதிலும் ஒருமுறை கால் நனைந்தது; பிழை என்னுடையது. அந்நிய உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாதிருக்க, படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் அடியிலுள்ள தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று 2022 முதல் ஒன்ராறியோவில் விதி இருக்கிறது. கழற்றியதைத் திரும்பப் பூட்ட மறந்து இறக்கிவிட்டேன். பம்ப் இருந்ததால் தப்பினோம். இப்போது தக்கை படகுச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது.

உரிமப் பதிவு இரண்டுக்கும் ஒன்றுதான், 10 குதிரைத்திறனிலிருந்தே அது கட்டாயம். நீளம் 6 மீற்றரைத் தாண்டினால் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியல் நீளும். 18 அடி அதற்குள் அடங்கிவிடுகிறது, 20 அடி அடங்காது.

மகள் பல்கலைக்கழகம் போய்விட்டதால் இப்போது 50 குதிரைத்திறனோடு 16 அடிப் படகு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போகுமிடமெல்லாம் நீளத்தைவிடப் பக்கச்சுவரின் உயரத்தையே முதலில் அளப்பதால், அளவு நாடா காரிலேயே கிடக்கிறது.