நாலுகால் பொல்லு: முற்றத்துக்கு நல்லது, படிக்குச் சரிவராது

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சாய்மனைக் கதிரையோடு ஒதுங்கினவர்களுக்கு, பாமசிகளில் விற்கும் அலுமினிய நாலுகால் பொல்லு நல்ல துணை. கைவிட்டாலும் தானாக நிற்கும். மணல் ஒழுங்கையில் ஒற்றைக்கால் பொல்லைப்போல ஆழப் புதையாது.

உயரம்தான் முக்கியம். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேண்டும். பிடிக்கும்போது முழங்கை 15 முதல் 20 பாகை மடியும். உயரத்தை மாற்றினபிறகு, அதைப் பூட்டும் பொத்தான் துளையில் ‘டக்’கென்று விழுந்ததா என்று பாருங்கள். பலமில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலர் மாறித்தான் பிடிக்கிறார்கள். அடித்தட்டின் தட்டையான பக்கம் காலை நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் தடக்கும்.

குறைகளும் உண்டு. வேகமாக நடந்தால் நாலு காலும் ஒன்றாகப் பதியாமல் ஆடும். ஒடுங்கிய படியில் அடித்தட்டு கொள்ளாது. கால் நுனிகளில் உள்ள றப்பரின் வரி தேய்ந்தால் கிணற்றடிப் பாசியில் வழுக்கும், ஆகவே உதிரி றப்பர் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பொல்லு காலுக்குப் பலம் தராது. அதற்குச் சுவரோடு சாத்திய கதிரையில் தினமும் 10 தடவை மெதுவாக எழும்பித் திரும்ப இருக்கவேண்டும். முதலில் கைபிடித்து, பழகினபிறகு பிடிக்காமல்.