அக்னிவீரா, மத்தியப் படையா, தமிழ்நாடு போலீஸா?

அரக்கோணத்தை ஒட்டிய ஊரில் என் அக்கா வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் இரைச்சல் காதை அடைக்கும். பக்கத்துத் தக்கோலத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் விழுந்த மண் அது என்பதால் 2025இல் அவன் பெயரையே மையத்துக்குச் சூட்டினார்கள். வேலூர்ப் பக்கம் போனால் கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பெயர் வாங்கிய ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்த பையன் பிளஸ் டூ முடித்ததும் சீருடை வேலையைப் பற்றிக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. போன முறை ஊருக்குப் போனபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, அக்னிவீருக்குப் போகட்டுமா, எஸ்எஸ்சி எழுதட்டுமா, போலீசுக்குப் படிக்கட்டுமா?"

அக்னிவீர் என்பது நான்கு ஆண்டு ராணுவப் பணி. எஸ்எஸ்சி என்பது சிஆர்பிஎஃப், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் படைகளுக்குக் காவலர்களை எடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு. அவனுக்கு அன்றிரவு சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே கேட்கும் பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

சேரும்போது வாங்கும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அக்னிவீருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம், பணி முடியும்போது திரும்பத் தரும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. மத்தியப் படைக் காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 21,700, தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200. இரண்டிலும் அகவிலைப்படியும் மற்ற படிகளும் சேரும். ஆகவே அவனிடம் வேறொன்றைக் கேட்டேன். இருபத்திரண்டு வயதில் நீ எங்கே இருப்பாய், கையில் என்ன இருக்கும்?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே ஆண்டுகள். அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை தேர்ந்தெடுத்து நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் குறைந்தது இன்னும் 15 ஆண்டுகள் படையில் இருப்பார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். சேவா நிதியில் பையன் கட்டியதும் அரசு போட்டதும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய், வரி இல்லாமல் கைக்கு வரும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எனவே ராணுவ கேன்டீனும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமும் இல்லை. பணியில் இருக்கும்வரை 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குப் பிரீமியம் பிடிப்பதில்லை. ஆண்டு விடுப்பு முப்பது நாள்.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. 2004இல் மத்திய அரசு ஊழியர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றியபோது ராணுவத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். எல்லையில் நிற்பவனுக்குப் பழைய ஓய்வூதியம் தொடரட்டும் என்பதே அதன் பொருள். சிப்பாயாகச் சேர்ந்து 15 ஆண்டு முடித்தவர் முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்வூதியத்தோடு ஊருக்கு வந்து, வங்கியிலோ பள்ளியிலோ இன்னொரு வேலையில் அமர்வதை நாங்கள் பார்த்து வளர்ந்தோம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களை நிமிர்த்தியது அந்த ஏற்பாடுதான். மத்தியப் படைக்காரர்கள் அதைப் பார்த்து, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று நியாயமாகவே கேட்டார்கள். புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று உயிர்விட்ட சிஆர்பிஎஃப் வீரர்கள் நாற்பது பேர். அவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், மற்றவர் அரியலூர் மாவட்டம். ஊர் மக்கள் அவர்களை "ராணுவ வீரர்" என்று சொல்லித்தான் அழுதார்கள். காகிதத்தில் மட்டும் வேறு துறை, வேறு ஓய்வூதியம். இன்றைக்கு நிலைமை தலைகீழ். மத்தியப் படையில் சேர்பவருக்கு 60 வயதுவரை வேலையும் ஓய்வூதிய ஏற்பாடும் இருக்கின்றன; ராணுவத்தின் கடைசிப் படியில் சேரும் பையனுக்குத்தான் நான்கு ஆண்டுக்கு மேல் உறுதி இல்லை. இது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் அக்னிவீர் வேண்டாமா?" என்றான். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. காரணம் வயது வரம்பு. மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்துவதில்லை. முதலில் சாத்துவது ராணுவம். பதினேழரை வயதில் திறந்து இருபதுகளின் தொடக்கத்திலேயே மூடிவிடுகிறது. மத்தியப் படைக்குப் பொதுவான வரம்பு 23, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு கூடுதல். தமிழ்நாடு போலீசில் பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 31. பதினெட்டில் அக்னிவீராகப் போய் இருபத்திரண்டில் திரும்புகிற பையனுக்கு மற்ற இரண்டும் இன்னும் திறந்தே இருக்கும். போலீஸ் தேர்வுக்கு நாலு வருடம் படித்துவிட்டு, கிடைக்கவில்லை என்று பட்டாளத்துக்குப் போக நினைத்தால் வழி இருக்காது.

மத்தியப் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்குப் பத்து சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022இலேயே அறிவித்தார்கள். ஆனால் ஒதுக்கீடு என்பது வேலை அல்ல. நான்கு ஆண்டு துப்பாக்கியும் காவல் பணியுமாக இருந்த பிள்ளை மறுபடியும் கணக்கும் பொது அறிவும் படித்துத் தேர்வு அறையில் உட்கார வேண்டும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அக்னிவீர்களுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. போகிறவன் சேர்ந்த ஆண்டிலேயே அதில் பதிவு செய்துவிட வேண்டும் என்பதை நான் ஒரு நிபந்தனையாகவே வைத்தேன்.

மொழித் தடை ஓரளவு நீங்கியிருக்கிறது. எஸ்எஸ்சி நடத்தும் மத்தியப் படைக் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். அதற்கு முன் இந்தியும் ஆங்கிலமும்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் காரணத்தாலேயே விண்ணப்பிக்காமல் விட்டார்கள்! ராணுவத்தின் இணையவழித் தேர்வும் இப்போது தமிழில் கிடைக்கிறது.

மைதானத்துக்கு வருவோம். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் முழு 60 மதிப்பெண். கம்பியில் தொங்கிப் பத்து முறை உடலைத் தூக்கினால் 40. போலீசில் 1,500 மீட்டருக்கு ஏழு நிமிடம் தருகிறார்கள், அப்புறம் கயிறு ஏற வேண்டும். மத்தியப் படையில் 5 கிலோமீட்டர், 24 நிமிடம். முதலாவது வேகம், கடைசியாகச் சொன்னது மூச்சு. இரண்டுக்கும் ஒரே பயிற்சி என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்தால் பதைக்கிறது. உயரத்தையும் முதலிலேயே அளந்துவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பையனுக்கு ராணுவப் பொதுப்பணியில் 166 செ.மீ. போதும், மற்ற இரண்டிலும் பொதுவாக 170. இவன் 171 இருக்கிறான். இவனோடு ஓடும் நண்பன் 167. மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அந்த 170இல் தளர்வு கிடையாது என்பதால் அவனுக்கு ராணுவம் தவிர வேறு வழியில்லை, அது தெரியாமலே ஆறு மாதம் போலீஸ் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. தரைப்படையில் அக்னிவீராகப் பெண்கள் சேர்வது ராணுவக் காவல் பிரிவில் மட்டும்தான், இடங்களும் குறைவு. தமிழ்நாடு போலீஸ் அவர்களுக்கு எவ்வளவோ மேல். 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கிற மாநிலம் இது.

போலீஸ் வேலைக்கு இன்னொரு பெரிய வசதி, ஊர். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் வீட்டில் இருக்க மாட்டான் என்றாலும் அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் இரவு பஸ் பிடித்து வந்து சேரலாம். மத்தியப் படையில் சத்தீஸ்கர் காட்டிலோ காஷ்மீரிலோ இருப்பவனுக்கு ரயிலிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும், அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல். அக்னிவீருக்கு அந்தப் பிரிவு நான்கு ஆண்டு.

என் கருத்தை மறைக்கவில்லை. வீட்டில் கடன் இல்லாமல், தம்பி தங்கையின் படிப்பு இவன் சம்பளத்தை நம்பி இல்லாமல் இருந்தால் பதினெட்டு வயதில் அக்னிவீராகப் போவது நல்ல தொடக்கம். உடல் உறுதிப்படும், பத்து லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும், இந்தியா முழுதும் பார்த்திருப்பான். மாதாமாதம் சம்பளம் வந்தே தீர வேண்டிய குடும்பமென்றால் மத்தியப் படை அல்லது போலீஸ். அக்கா வீட்டில் வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது. அதனால் அவனை எஸ்எஸ்சிக்குத்தான் முதலில் படிக்கச் சொன்னேன்.

இந்த ஆண்டு எஸ்எஸ்சி, அக்னிவீர் இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறான். இரண்டிலும் அழைப்பு வந்தால் எதற்குப் போவாய் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "ராணுவம்தான் மாமா, வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி" என்றான். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.