டக்ட் காற்று, சுடுநீர், நீராவி: எது எதற்கு ஆகும்?

வீட்டுக்குச் சூடு மட்டும் போதுமா, கோடைக்குக் குளிர்ச்சியும் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே அமைப்பில் வர வேண்டுமென்றால் டக்ட் எனும் பெரிய காற்றுக்குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் முறைதான் எளிது. சூடு மட்டும் என்றால் சுடுநீருக்குப் பக்கத்தில்கூட அது வராது.

ஒரே கொள்ளளவில் தண்ணீர் சுமக்கும் வெப்பம், காற்று சுமப்பதைப்போல் சுமார் 3,500 மடங்கு. கட்டைவிரல் பருமன் குழாயில் முடிகிற வேலைக்குத் தலை நுழையும் அளவு டக்ட் தேவைப்படுவது அதனால்தான். அந்த டக்ட் மேல்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஓடி, மூட்டுகளும் கசிந்தால் 20 முதல் 30 சதவீதக் காற்று வீணாவது சாதாரணம். மூட்டுகளை மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசி அடைக்க வேண்டும். துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். டக்ட் டேப் என்று அதற்குப் பெயர் வைத்ததுதான் வேடிக்கை.

ஒரு டன் குளிர்ச்சிக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று குளிர்விக்கும் காயிலைக் கடக்க வேண்டும். தூசி வரக் கூடாது என்று மிக அடர்த்தியான 1 அங்குல ஃபில்டரைப் போட்டால் இந்த ஓட்டம் குறைந்து, காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். நுண்தூசியும் நிற்க வேண்டுமென்றால் 4 அங்குலத் தடிமனுள்ள ஃபில்டர் பெட்டி வையுங்கள். பரப்பு அதிகம் என்பதால் அதில் மூச்சு முட்டாது. ஆளில்லாத அறைகளின் காற்றுத் துளைகளை மூடுவதும் பயன் தராது: டக்டுக்குள் அழுத்தம் ஏறி, கசிவுதான் கூடும். காற்று திரும்பிப் போகும் வழி கூடத்தில் மட்டும் இருக்கிறதா? படுக்கையறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது வெளிப்பக்கம் விறைத்து நின்றால் திரும்பு வழி போதவில்லை. கதவுக்கு மேலே ஒரு கிரில் போட்டால் பெரும்பாலும் சரியாகும். காற்றைச் சூடாக்குவது எரிவாயு ஃபர்னஸாக (உலை) இருந்தால் ஆண்டுக்கொரு முறை வெப்பமாற்றியில் விரிசல் உண்டா என்று பார்த்தாக வேண்டும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் காட்டும் அலாரம் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது.

பாய்லரில் சூடாக்கிய நீரைக் குழாயில் சுற்றவிடும் சுடுநீர் முறையில் ஓசை இல்லை, தூசி பறக்காது, அறைக்கு அறை தனி வெப்பம் வைக்கலாம். இரண்டு மாடி வீட்டில் குளிர்ந்த நிலையில் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்கும், 30-இல் சேஃப்டி வால்வு திறக்கும். பாய்லர் சூடானதும் அந்த வால்வு சொட்டினால் உடனே வால்வை மாற்றாதீர்கள், சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கை முதலில் சந்தேகியுங்கள். அதன் காற்று முனையை லேசாக அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. காற்று வந்தால் டேங்கின் நீர்ப்பக்க அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு டயர் கேஜில் பாருங்கள், 12 காட்ட வேண்டும். அடிக்கடி புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்தத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் இரும்பை அரித்துவிடும். கண்டென்சிங் பாய்லர் வாங்கிவிட்டு 80 டிகிரியில் ஓட்டுவோர் ஏராளம். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள ஆவி நீராகித் தன் வெப்பத்தைக் கொடுக்கும். தரைக்கடியில் குழாய் ஓடும் அமைப்புக்கு 35 முதல் 45 டிகிரி நீரே போதும் என்பதால், வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்புக்கு அதுதான் நல்ல ஜோடி. ஆனால் கான்கிரீட் தரை சூடாகப் பல மணி நேரம் பிடிக்கும். இரவில் குறைத்துக் காலையில் ஏற்றும் பழக்கம் அங்கே எடுபடாது.

அதே தரையில் குளிர்ந்த நீரை விடலாமே என்றால், 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 17 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்த்துவிடும். சுவரில் மாட்டும் ஃபேன் காயிலுக்கு (விசிறி வைத்த நீர்ச்சுருள்) 7 டிகிரி நீர் அனுப்பலாம்; அதற்கு டிரெயின் குழாயும், வழி முழுக்க இன்சுலேஷனும் வேண்டும்.

நீராவியைப் புதிதாக யாரும் போட வேண்டாம். குளிர்ச்சி தராது, வீட்டு ஹீட் பம்போடும் சேராது. ஏற்கெனவே இருந்தால் பிடுங்கவும் வேண்டாம். பம்பே இல்லாமல் ஓடும். ஒரு கிலோ ஆவி நீராகும்போது 2,257 கிலோஜூல் வெப்பம் விடுகிறது. வீட்டுக்கு 2 பி.எஸ்.ஐ.க்கும் குறைவே போதும், கூட்டினால் எரிபொருள்தான் போகும். ஒற்றைக் குழாய் ரேடியேட்டரில் (அறையைச் சூடாக்கும் இரும்புக் கருவி) ஆவி உள்ளே போவதும் நீர் வெளியே வருவதும் ஒரே வால்வு வழி. பாதி திறந்து வைத்தால் இரண்டும் மோதிச் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். முழுக்கத் திற, அல்லது முழுக்க மூடு. ரேடியேட்டரும் வால்வுப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மறுமுனைக் கால்களுக்கு அடியில் இரண்டு நாணயம் வைத்தாலே பல வீடுகளில் சத்தம் நின்றுவிடும். ரேடியேட்டர் சூடேறவே இல்லையென்றால் உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் வென்ட் அடைத்திருக்கும். பாய்லரில் நீர் குறைந்தால் பர்னரை அணைக்கும் மிதவை வகை நீர்மட்டக் காப்பு இருந்தால் வாரம் ஒருமுறை, பர்னர் எரியும்போதே அதன் நீரை வாளியில் இறக்குங்கள். பர்னர் அணைய வேண்டும். அணையாவிட்டால் சரிசெய்யும்வரை பாய்லரை ஓட்டாதீர்கள்.

ரேடியேட்டர் உள்ள வீட்டில் குளிர்ச்சிக்கு ஸ்ப்ளிட் ஏ.சி.யைத் தனியாகச் சேர்ப்பதே எங்கள் தேர்வு. நீராவியைச் சுடுநீராக மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ரேடியேட்டர் துண்டுகள் மேலேயும் கீழேயும் இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே மட்டும் இணைந்தவை சுடுநீருக்கு ஆகாது. இரண்டு பி.எஸ்.ஐ.யில் கசியாத பழைய மூட்டு 12-இல் கசியலாம், எனவே அழுத்தச் சோதனை முடியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.